குழாயடியில் ஒரு மஞ்சள் மீட்டர்

ஜீவராணியிடம் இருந்த மல்டிமீட்டர் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. நோர்வூட் கடைவீதியில் ஃபாஸில் நானாவின் கடையில் வாங்கியது. விலை ஒரு கிலோ கோழி இறைச்சியை விடக் குறைவு. அந்த விலைக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. அதற்கு மேலும் செய்யும் என்று பெட்டியில் அச்சடித்திருந்ததை நம்பினால் அது நம்பியவர் பாடு. அறுநூறு வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருந்தார்கள். கூட வந்த சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சட்டைப் பித்தான் தைக்கிற நூலை விடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மூன்றாம் மாதமே கறுப்பு வயர் கழுத்தில் முறிந்தது. அவள் அதைப் பற்றவைத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நடுவிலுள்ள குமிழைத் திருப்பி, திரும்பவும் இரண்டு தரம் அசைத்தால்தான் எண் ஓரிடத்தில் நிற்கும். தானாக அணையத் தெரியாது. மறந்து வைத்துவிட்டால் மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்கும்.

இத்தனை குறை சொன்னாலும் அந்த வீட்டில் அவள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்த பொருள் அது ஒன்றுதான். கட்டுநாயக்கவில் டிரான்ஸ்போமர் சுற்றுகிற ஒரு கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தவள். ஈயம் பற்றவைக்கக் கை பழகியிருந்தது. கல்யாணம் முடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக் கொழுந்துக் கூடையை மாட்டிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. டோர்ச் லைட், போன் சார்ஜர், ரைஸ் குக்கர் என்று லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எது செத்தாலும் அவள் காம்பராவுக்குத்தான் வரும். காசு வாங்கமாட்டாள். புருசன் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். நாள் முழுக்க மலையில் நின்று, முதுகு விண்விண்ணென்று வலிக்க வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு அந்த மீட்டரைக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரம் அலுப்புத் தெரியாது. அவளுடைய நாளில் அலுப்புத் தெரியாத மணி நேரம் அது மட்டுமே.

ஃபாஸில் நானா பொய் சொல்லி விற்கவில்லை. "தங்கச்சி, பேட்டரி பாக்க, சார்ஜர் பாக்க, வயர் அறுந்தீக்கா எண்டு பாக்க, இதுக்கெல்லாம் இது போதும். சொவத்துக் கரண்ட்டுல வெக்க வேணாம். வெக்கத்தான் வேணும் எண்டா ஒரு கைய பின்னால வெச்சிக்கோங்க, ரெண்டு கையும் பட்டா நெஞ்சுக்குள்ளால பாயும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

லயத்தில் ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. ஆறுக்கும் ஒரே குழாய், லயத்தின் கோடியில் சிமெந்துத் தூணில் கட்டியது. மழைக்காலத்தில் அது கடிக்கும். கடிக்கும் என்றுதான் லயத்தில் சொல்வார்கள், நாயைச் சொல்வது போல. இதற்காக யாரும் மனு எழுதவில்லை. தூணில் ஓர் ஆணியை அடித்து, ஒரு சோடி ரப்பர் செருப்பை மாட்டினார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு பிடித்து, கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். செருப்புத் தேய்ந்தால் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் புதுசு வாங்குவார்கள். இந்த வருடம் பக்கத்துக் காம்பரா வேலாயியின் முறை. பச்சை வார் வைத்த சோடியை அவள் வாங்கி மாட்டியிருந்தாள். கரண்ட்காரனைக் கூப்பிடாமல் செருப்புக்கு முறை வைத்த சனம் வேறெங்காவது இருக்குமா தெரியாது. செருப்பு மாட்டத் தொடங்கிய இந்தப் பதினொரு வருடமும் ஜீவராணியும் அந்த முறையில் இருந்தவள்தான். ஊரோடு ஒத்து வாழ்கிறவளுக்கு மீட்டரைக் கொண்டுபோய்க் குழாயில் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜூன் மாத மழையோடு மகள் சுலக்ஷனா இறம்பொடையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எட்டு மாதம். இரண்டு காலும் ஊதி, கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பச்சைச் செருப்பில் அவள் கால் பாதிகூட நுழையவில்லை.

வந்த மூன்றாம் நாள், அம்மா மலைக்குப் போன கையோடு, மற்றக் காம்பராக்களில் இன்னும் ஆட்கள் இருக்கும்போதே, வெறுங்காலோடு போய்க் குழாயைத் திறந்தாள். முழங்கை வரை இழுத்தது. கீழே விழவில்லை. தூணில் சாய்ந்து, அப்படியே குந்திவிட்டாள். வயிற்றில் பிள்ளை அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு அசைந்தது. மருத்துவிச்சி வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றார். சாயந்தரம் நனைந்து வந்த ஜீவராணியிடம் சுலக்ஷனா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜீவராணி கூடையை இறக்காமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து விடியுமுன் எழும்பி, இரண்டு வாளி, ஒரு குடம், சமையல் சட்டி வரை எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போனாள். "குழாய்ப் பக்கம் போன, கால ஒடிச்சிருவேன்" என்று தினமும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனாலும் கை கொழுந்தில் நிற்கவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டால்? யாரும் இல்லாத நேரத்தில் போய்விட்டால்? பிள்ளை பிறந்த பிறகு நாளைக்கு இருபது துணி அலச வேண்டுமே, அப்போது? பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அதற்குள் அந்தக் குழாயை அடக்கியாக வேண்டும்.

வியாழக்கிழமை சாயந்தரம் மீட்டரை எடுத்தாள். சமையல் கத்தியை ஈர மண்ணில் குத்தி அதில் ஒரு முனை, குழாயில் மறு முனை. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எண் தடுமாறி, நூற்று ஐம்பத்தேழில் நின்றது.

மறுநாளே தொழிற்சாலைக்குப் போய் வயர்மேன் சுதாகரனிடம் சொன்னாள். சுதாகரன் கெட்டவன் அல்ல. தொழிற்சாலைக்கும் நாலு டிவிசன் லயங்களுக்கும் அவன் ஒருத்தன்தான் வயர்மேன். எந்த நேரம் பார்த்தாலும் மூன்று நாள் தூங்காதவன் முகம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தான். மழை விட்டிருந்தது. ஆட்களெல்லாம் வேலையில், எந்த வீட்டிலும் ஒரு கரண்ட் சாமானும் போட்டிருக்கவில்லை. டெஸ்டரைக் குழாயில் வைத்தான். மினுங்கவில்லை. ஜீவராணி அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்று, தன் மீட்டரை வைத்துக் காட்டினாள். அது நாலு என்று காட்டியது.

"அன்னைக்கு நூத்தி அம்பத்தேழு காட்டுச்சு தம்பி."

"இந்த மீட்டரா?" சுதாகரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இத எங்க வீட்டுப் பிளக்ல வெச்சாலும் மீன்குழம்புல உப்பு எவ்வளவுன்னு காட்டும்க்கா." சொல்லிக்கொண்டே உள்ளே போய் அவள் வீட்டு பிளக்கில் வைத்தான். எண் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

சுதாகரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மெயின்லயே இருநூத்தி முப்பதுதான் வருது. மிச்சத்த உங்க மீட்டரே தயாரிக்குதா? இந்தச் சாமான வெச்சுக்கிட்டு என்னை நாலு மைல் நடக்க வெச்சிட்டீங்களே. அது பேய்க் கரண்ட்டுக்கா. இந்த மாதிரி மீட்டர் சும்மா தொங்குற வயருக்குக்கூட நம்பர் காட்டும்."

கதவோரம் நின்ற சுலக்ஷனா, "எனக்கு அடிச்சது பேய் இல்லண்ணே" என்றாள். அவன் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "கரண்ட்ட மண்ணுக்கு எறக்குற எர்த் ராட் ஒண்ணு கேட்டு எழுதியிருக்கேன், வந்தா போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ராட்டுக்கு அவன் எழுதி ஒரு வருடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி பஸ் பிடித்து நோர்வூட்டுக்குப் போனாள். மீட்டரை ஃபாஸில் நானாவின் மேசையில் போட்டு, "நானா, இது பொய் சொல்லுது. ஆள் முன்னால என் மானம் போச்சு" என்றாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை அடக்கவே மீட்டர் மேல் கோபப்பட்டாள்.

ஃபாஸில் நானா பின்மூடியைக் கழற்றி, உள்ளிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை இன்னொரு மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆறேமுக்கால்.

"இதுதான் சங்கதி. மனுசனுக்குப் பசிச்சா கணக்குக் கொறையும். இதுக்குப் பசிச்சா கூடும். பேட்டரி எறங்கினா எல்லாத்தையும் கூடக் காட்டும் தங்கச்சி. நல்ல மீட்டர்ல மூலையில ஒரு அடையாளம் வந்து, பேட்டரி எறங்கிட்டு எண்டு செல்லும். இதுல அத வெக்க இல்ல, வெல கொறையோணுமே." புதுப் பேட்டரியைப் போட்டுக் கடை பிளக்கில் வைத்தார். இருநூற்று முப்பத்தொன்று. "பாருங்க, பாவம், நல்லாத்தான் ஈக்குது."

"அப்ப குழாயில பாத்தது?"

"நூத்தி அம்பத்தேழு இல்லாட்டியும் நூத்திச்சொச்சம் ஈந்திருக்கும். ஆனா அது பேயா மெய்யான்னு இதுக்குத் தெரியாது. ஒண்டு செய்ங்க. சாமிப் படத்துக்குப் போடுற சின்னச் செவப்பு பல்ப் ஈக்கே, பழைய இழை பல்ப், அத மீட்டர் முனைக்குக் குறுக்கால கட்டுங்க. பேய்க் கரண்ட்டுன்னா பல்ப்பக் கட்டின ஒடனே நம்பர் விழுந்துரும். மெய்யான கரண்ட்டுன்னா விழாது. எல்.ஈ.டி. வேணாம், அது பேய்க்கும் மினுங்கும். இன்னொண்டு, ஆள் இல்லாத பகல்ல பாத்து என்ன புண்ணியம்? எல்லாரும் கரண்ட் பாவிக்கிற நேரம் பாருங்க."

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் குழாயடியில் குந்தினாள். தூறல். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த பல்பைக் கழற்றி வயரில் கட்டியிருந்தாள். கத்தி மண்ணில், முனை குழாயில், கை முதுகுக்குப் பின்னால். மீட்டர் மூன்று, நாலு என்று ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காம்பராவிலும் விளக்கு எரிந்தது. யார் வீட்டிலோ ரொட்டிக்குத் தேங்காய் திருவும் சத்தம்.

திடீரென்று எண் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பாய்ந்தது. பல்ப்பின் இழை கங்கு போலச் சிவந்தது. எண் விழவில்லை. மெய்யான கரண்ட்தான். இத்தனை நாள் எல்லாரையும் கடித்ததும், மகளை இழுத்ததும் இதுதான். ஜீவராணி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிடம் போயிருக்கும். குழாயடியை ஒட்டிய வேலாயியின் காம்பராவுக்குள் கரண்ட் கேத்தல் கொதித்து 'டக்' என்று அணைந்தது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அதே நொடியில் பல்ப் இருண்டது, எண் நாலுக்கு விழுந்தது.

வேலாயி அந்தக் கேத்தலை சித்திரை மாதத்தில் அவளிடம்தான் கொண்டுவந்தாள். அடியில் வயர் கருகியிருந்தது. ஜீவராணி வயரை மாற்றி, மீட்டரைத் தடை அளக்கிற ஓம் பக்கம் திருப்பி, பிளக்கின் காலுக்கும் கேத்தல் உடம்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். மீட்டர் இடது ஓரத்தில் ஒற்றை '1' காட்டியது. எங்கும் தொடுப்பு இல்லை, நல்லது என்று அதற்கு அர்த்தம். "பயமில்லாம போடுங்க அக்கா" என்று கொடுத்தனுப்பினாள். கட்டுநாயக்கவில் இருந்தபோதே கேட்டு மறந்த ஒன்று இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அந்த மீட்டர் தன் சின்ன பேட்டரியால் தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறது. பிள்ளை தட்டித் திறக்காத கதவு, பெரிய ஆள் மோதினால் திறந்துகொள்ளும். இருநூற்று முப்பது வோல்ட் ஏறி, உள்ளே சூடும் ஏறியதும் கேத்தல் கசியத் தொடங்கிவிட்டது. மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் போதவில்லை.

பழைய கடி வேறு யாருடைய சாமானோ, தெரியாது. இந்த மழைக்கு, தன் மகளை இழுத்தது தன் கையால் ரிப்பேர் பண்ணிய கேத்தல். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஜீவராணி குமிழைத் திருப்பி மீட்டரை அணைத்தாள்.

அன்று கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே தொழிற்சாலைக்குப் போனாள். சுதாகரனிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பல்ப் சிவந்ததைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. கேத்தலைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"வேலாயி அக்கா வீட்டுல, கசிஞ்சா கரண்ட்ட நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்ச் மழைக்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அரிசி வேகலன்னு நின்னாங்க. நாந்தான் அதத் தாண்டி நேரா குடுத்தேன்" என்றான் மெதுவாக.

"எர்த் எங்க போகுது தம்பி?"

அதைப் பார்க்க இருவருமே போனார்கள். லயத்துக்குக் கரண்ட் வந்த காலத்தில் வயர் இழுத்த கொந்தராத்துக்காரன், ஆறு வீட்டு எர்த் வயரையும் தனித்தனியே மண்ணில் இறக்காமல், தண்ணீர்க் குழாயிலேயே சுற்றிவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கு அது பெரிய பிழையாகத் தெரிந்திருக்காது. இரும்புக் குழாய் மேலே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கரை வரைக்கும் அரை மைல் மண்ணுக்குள் போயிற்று. பிறகு குழாய் துருப்பிடித்தது. நல்ல மனசு வைத்து யாரோ கறுப்புப் பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கிக் கொடுக்க, லயத்து ஆட்களே சிரமதானமாகச் சேர்ந்து போட்டார்கள். ஜீவராணியும் அன்றைக்கு மண் வெட்டியவள். தண்ணீர் நன்றாக வந்தது. தூணிலிருந்து ஆறடியில் இரும்பு முடிந்து பிளாஸ்டிக் தொடங்கியதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு வீட்டில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், குழாயில் வந்து, தொடுகிற கைக்காகக் காத்திருந்தது.

"கேத்தல நைசா வாங்கி ஒளிச்சிட்டா போதும்க்கா" என்றான் சுதாகரன். "வெளிய சொன்னா தோட்டத்துத் தொரை கேக்கிற மொதல் கேள்வி, கேத்தல யாரு ரிப்பேர் பண்ணுனதுன்னு. ரெண்டாவது, ட்ரிப்ப யாரு நேராக்குனதுன்னு. தவள தன் வாயாலதான் கெடும்."

"நாளைக்கு வேற வீட்டுல வேற சாமான் கசிஞ்சா?"

ஜீவராணிக்கும் வாயை மூடிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எர்த் மாற்றுவதென்றால் ஆறு வீட்டு வயரையும் அவிழ்க்க வேண்டும். ஏன் என்று ஆறு வீடும் கேட்கும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

புதன்கிழமை பௌர்ணமி, போயா லீவு. சுதாகரன் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஆறடி இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். லயத்துக்குப் பின்னால், கழிவுத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், எப்போதும் ஈரம் காயாத இடத்தில் அதை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டினார்கள். பாதி அடிக்கும் முன்பே லயமே கூடிவிட்டது. என்ன, ஏன் என்று கேட்டார்கள். ஜீவராணி சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னாள்.

"வேலாயி அக்கா கேத்தல் கசியுது. அத நாந்தான் ரிப்பேர் பண்ணுனேன். மீட்டர் நல்லதுன்னுச்சு, நானும் நம்பிட்டேன். அந்தக் கரண்ட்டுதான் குழாயில வந்து எம் மகளுக்கு அடிச்சிச்சு."

வேலாயி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து, "அடிப் பாவி, அந்தக் கேத்தல்லதானேடி தெனமும் எம் பேத்திக்கு பால் கரைக்கத் தண்ணி கொதிக்க வெக்கிறேன்" என்றாள்.

"தெரியாம செஞ்சிட்டேன் அக்கா."

"தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேல? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். நாங்க ஹட்டனுக்குக் கொண்டு போயிருப்போம்ல."

அது நியாயமான பேச்சு. அதனால்தான் அவ்வளவு வலித்தது. சுதாகரனும் தன் பங்கைச் சொன்னான், மென்று விழுங்கித்தான் சொன்னான். அவனை யாரும் திட்டவில்லை, கரண்ட்காரனைப் பகைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆறு வயரையும் புதுக் குழாயில் சேர்த்து, வேலாயி வீட்டு ட்ரிப் சுவிட்சைத் திரும்ப ஒழுங்காக்கினான். அந்தக் கேத்தலிலேயே தண்ணீர் ஊற்றி பிளக்கில் போட்டான். சூடேறத் தொடங்கியதுமே ட்ரிப் 'டப்' என்று விழுந்தது. "பாத்தீங்களா, இப்பத்தான் கரண்ட் மண்ணுக்குப் போக வழி கெடச்சிருக்கு" என்று அவன் சிரித்தான். இந்தத் தடவை அது கேலிச் சிரிப்பு அல்ல.

ஆனாலும் இருட்டுமுன் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாம் காம்பராக்காரி பூரணி தன் ரைஸ் குக்கரைக் கேட்டாள், "அவசரமில்ல, சும்மா எடுத்து வெச்சிக்கிறேன்" என்றாள். கடைசிக் காம்பராக்காரர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனார், இரண்டு பேட்டரி போடுகிற அந்தப் பிளாஸ்டிக் டோர்ச்சைக்கூட. யாரும் கோபமாகப் பேசவில்லை. ஜீவராணி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். மேசை காலியானது. சாயந்தரம் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்க்கிறாள் என்று அழவில்லை.

படுக்குமுன் எழும்பிப் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டி ஒன்று மட்டும் கேட்டாள். காலை ஐந்தரைக்கு நான் சத்தம் கொடுத்ததும், உங்கள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள். வேலாயி கதவை முழுக்கத் திறக்காமலே சரி என்றாள்.

வியாழக்கிழமை விடியலில் நல்ல மழை. ஜீவராணி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள். செருப்புப் போடவில்லை. சிமெந்தில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடியது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூச்சியம். பேட்டரி புதுசு, பல்ப் கட்டியாயிற்று, கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டாயிற்று. சுதாகரனுக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. இன்னும் கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தால், அதற்குப் பதில் சுலக்ஷனாவின் கையில் கிடைக்கக் கூடாது.

மீட்டரைத் தூணின் மேல் வைத்துவிட்டு, முதலில் புறங்கையால் குழாயைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. பிறகு திருப்பி, விரல்களை மூடி இறுக்கிப் பிடித்தாள்.

"போடுங்க!" என்று கத்தினாள்.

கேத்தல், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், டீவி என்று ஆறு காம்பராவிலும் போட்டார்கள். லயத்து விளக்குகள் ஒரு தரம் மங்கி நிமிர்ந்தன. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், அது கரண்ட்டா நெஞ்சா என்றே முதலில் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு கேத்தலாகக் கொதித்து அணைந்தது. பூரணியின் வாசலிலும் வேலாயியின் வாசலிலும் ஆட்கள் வந்து நின்று, மழைக்குள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுலக்ஷனா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கி வந்தாள். வெறுங்கால், ஊதிய கால்.

"என்னம்மா செய்ற, லூசு மாதிரி?"

"அங்கயே நில்லு."

"எவ்வளவு நேரம் நிக்கிறது? ஒண்ணும் இல்லதானே?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் ஜீவராணி. "வா. மெதுவா வா, வழுக்கும்."

மகள் வந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாய்ந்தது. கையை நீட்டி நனைத்து, முகம் கழுவி, காலில் ஊற்றினாள். பத்து நாளைக்குப் பிறகு ஓடுகிற தண்ணீரில் கால் நனைகிற சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொழிற்சாலையில் ஆள் பேர் பதிகிற பெரட்டுக்குச் சங்கு ஊதியது. ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். வேலாயி குழாயடியைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்றாள்.

"பிந்திப் போனா அரைப்பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான். வர்றியா இல்லியா?" என்றாள். நேற்றைய கோபம் குரலில் அப்படியே இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"நீங்க போங்க அக்கா."

சுலக்ஷனா கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மாவின் கை இன்னும் குழாயைப் பிடித்தபடி இருந்தது. விரல் வெளுத்துவிட்டது.

"கைய எடும்மா. நான் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ குளிச்சு முடி" என்றாள் ஜீவராணி.